நான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த துப்பாக்கி

என் அன்புக்கும் கோபத்துக்கும் உரியவருக்கு,

செவ்வாய்க்கிழமை உங்கள் தங்கை கமலா, தான் இருக்கும் தாகேதாவிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்தாள். கோ மின் என்ற பர்மியர், சொந்த ஊர் மிங்கலாடோன், பழம்பொருள் வியாபாரி. செருப்பை மிக ஒழுங்காகக் கழற்றி வைத்தார். அவ்வளவு பணிவு எனக்குப் பிடிப்பதில்லை.

கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். போர்க்காலத்து ராணுவத் துப்பாக்கி. வெளிநாட்டில் ஏலத்துக்கு வருகிறதாம். "துறைமுகக் காவலில் இருந்த உங்கள் மாமனார் வைத்திருந்தது இதுதான், டோ ருக்மணி. அப்படி ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்" என்றார், பர்மிய மரியாதைக்கு 'டோ' சேர்த்து.

உங்கள் அப்பாவின் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டதாக அன்று சொன்னீர்கள். சீட்டு எங்கே என்று கேட்டேன். சோறு போடச் சொன்னீர்கள். கண்ணை மூடும்வரை சீட்டைக் காட்டவே இல்லை. விற்றுவிட்டா என்னிடம் பொய் சொன்னீர்கள்?

கமலா சிரித்தாள். "அண்ணன் வித்திருக்கும், அண்ணி. உங்களுக்குப் பயந்து சொல்லாம விட்டிருக்கும்."

பழைய இரும்புக்கு ஏன் அவ்வளவு விலை என்று கேட்டேன். செய்தவை ஏராளமாம், ஆனால் மிஞ்சியவற்றில் பெரும்பாலும் பாகங்கள் மாற்றியவையாம். இரும்பிலும் மரத்திலும் ஒரே எண், அழியாத தொழிற்சாலை முத்திரை, யார் வைத்திருந்தது என்று சொல்லும் ஒரு தாள்: மூன்றும் சேர்ந்தால் ஏலத்தில் போட்டி போடுவார்களாம். "சுடுவதற்கு யாரும் வாங்குவதில்லை, அமே. பாதி விலை கதைக்குத்தான்." அதற்குள் நான் அவருக்கு 'அமே', அதாவது அம்மா, ஆகிவிட்டேன்.

ஆக, அந்தப் பாதி என் கையெழுத்து.

"மரம் மாற்றியதா?"

"இல்லவே இல்லை. மாற்றினால் விலை விழுந்துவிடும்."

"தேய்த்து வார்னிஷ் அடித்ததா?"

"நீங்களே பாருங்கள். மரத்தில் முத்திரைகூட அப்படியே இருக்கிறது."

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இருந்தது.

ஆயுத பூசைதோறும் துப்பாக்கிக்குச் சந்தனம், குங்குமம் வைப்பீர்களே. ஒரு வருடம் மரத்தில் ஊறிய கறையைப் பார்க்கச் சகிக்காமல், உப்புத்தாள் போட்டு முழுவதும் தேய்த்து வார்னிஷ் அடித்தேன். மரத்தில் இருந்த எண்ணும் முத்திரையும் போயின. "அப்பாவின் துப்பாக்கியை நாற்காலிக் கால் ஆக்கிவிட்டாய்" என்று மூன்று நாள் என்னோடு பேசவில்லை நீங்கள். நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கறையோடு ஒரு பொருளை வைத்திருக்கக் கான்வென்டில் எனக்குக் கற்றுத்தரவில்லை.

"இது எங்கள் வீட்டுத் துப்பாக்கி இல்லை" என்று கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தேன்.

"ஒரு கையெழுத்துதானே, அண்ணி. போட்டா கை ஒடிஞ்சிடுமா?" என்றாள் கமலா. தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவர்களுக்குப் புரிந்தது.

இருந்தாலும் மனம் அடங்கவில்லை. நம் வீட்டில் துப்பாக்கி இருந்த கதையை அவருக்குச் சொன்னது யார்? நாளைக்குக் கமலாவே மகள் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்? அதனால்தான் இதை நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன்.

நீங்கள் ஒப்படைத்ததற்கு இன்னும் சீட்டு இல்லை. என் வாழ்க்கையில் சீட்டு இல்லாமல் நம்பும் முதல் விஷயம் இது. உங்கள் பெயரைச் சொல்லி யார் எந்தத் தாளை நீட்டினாலும், அதில் உண்மை இல்லையென்றால் என் கையெழுத்து விழாது. அது என் வாக்கு.

தேய்த்ததற்கு மட்டும் இப்போதும் மன்னிப்புக் கேட்க மாட்டேன். செவ்வாய்க்கிழமை உங்கள் பக்கம் பேசியது அந்த உப்புத்தாள் ஒன்றுதான்.

இன்றும் உங்கள் மனைவியான,
ருக்மணி