முழுதாக வந்து சேர்ந்த கோப்பு

அன்பு சேகர்,

பல்கலைக்கழக நாள் தொட்டு உன்னை இப்படித்தான் அழைத்து வந்திருக்கிறேன். கை பழக்கத்தில் எழுதிவிட்டது, அடித்துவிடவில்லை. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொள். இனி வருவது வேறு.

உன் காரியம் முடிந்த மறுவாரம் உன் மகள் யாழினி அழைத்தாள். பிரிக்ஃபீல்ட்ஸ் கடையின் பின்னறையில் நீ யாரையும் தொடவிடாமல் வைத்திருந்தாயே, அந்தப் பழைய கணினியைப் பற்றி. உன் நினைவுக் கூட்டத்தில் உன் தமிழ்ச் சொற்செயலியை, அதன் மூல நிரலோடு, திரையில் காட்ட வேண்டும் என்பது அவள் ஆசை.

"இதுல யூஎஸ்பி ஓட்டையே இல்ல அங்கிள். ரிப்பேர் கடையில மியூசியத்துக்குக் குடுங்கன்னு சிரிக்கிறாங்க. அப்பா ஒரு தடவ சொன்னாரு, இந்த மெஷினுக்கு ஏதாச்சும்னா உங்கள மட்டும்தான் கூப்பிடணும்னு."

என்னை மட்டும்தான். அதை ஏன் சொன்னாய், சேகர்?

நாம் இருவரும் பற்றவைத்த சீரியல் கேபிள் என் அலமாரியில் இன்னும் இருக்கிறது. ஒரு கணினி பேசுவது மற்றதன் காதில் விழும்படி, நடுவில் கம்பிகளைக் குறுக்கே மாற்றிப் போட்டது. மடிக்கணினிக்கு ஓர் இணைப்பான் வாங்கிக்கொண்டு கிள்ளானில் ரயிலேறினேன். உன் கணினி முனகிக்கொண்டு உயிர் பெற்றது. கோப்புகள் துண்டு துண்டாக நகர்ந்தன. "இவ்ளோ ஸ்லோவா? வாட்சப்ல போட்டா ஒரு செகண்டுலா," என்றாள் யாழினி. சிரித்தேன். உன் பொருட்டு நான் சிரித்தது அதுவே கடைசி.

என் பெயரின் முதலெழுத்துகளோடு தொடங்கும் ஒரு கோப்பு வந்தது. அடுத்ததும் அதே பெயர். கடைசியில் மட்டும் ஓர் எண் கூடுதல். முதலாவது முழுதாக இருந்தது. இரண்டாவது அதில் பாதி.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் உனக்கு நினைவிருக்கும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திரையில் தமிழ் எழுத்தை வரையும் நிரலை நான் என் கிள்ளான் வீட்டில் எழுதி முடித்திருந்தேன். என் வன்தட்டு சாகும் ஓசை எழுப்பிக்கொண்டிருந்தது. டிஸ்கெட்டுகளில் நம் ஊர் ஈரம் பூஞ்சையாகப் படர்ந்திருந்தது. எனவே எல்லாவற்றையும் ஒரே கோப்பாகச் சுருக்கி, தொலைபேசிக் கம்பி வழியே மோடமில் உன் கடைக்கு அனுப்பினேன். எவ்வளவு போயிருக்கிறது என்று என் திரை காட்டாது. இன்னும் போய்க்கொண்டிருந்தபோதே, பண்டமாரானில் இருந்த தன் அக்காவிடம் பேசுவதற்காக, அம்மா சமையலறையில் இருந்த ரிசீவரைத் தூக்கினார். இணைப்பு அறுந்தது. மறுபடி அழைப்பதற்குள் என் வன்தட்டு நின்றுவிட்டது.

மறுநாள் நீ உன் திரையைக் காட்டினாய். பாதிதான் வந்திருக்கிறது, சுருக்கிய கோப்பு ஆதலால் பாதியை வைத்துக்கொண்டு திறக்கவே முடியாது என்றாய். நானும் முயன்றேன். திறக்கவில்லை.

இப்போது தெரிகிறது. அம்மா ரிசீவரைத் தூக்கியபோது கடைசித் துண்டு உன்னிடம் சேர்ந்துவிட்டிருந்தது. 'கிடைத்தது' என்று உன் கணினி சொன்ன பதில் மட்டுமே வழியில் அறுந்தது. அதனால்தான் என் திரையில் பிழை என்று வந்தது. முழுக் கோப்பு உன் கையில் இருந்தது. பாதிக் கோப்பின் நேரக்குறி அதே மாலை, முழுக் கோப்புக்கு வெகுநேரம் பிந்தியது. என் அம்மா அறுத்த கோப்பு அல்ல அது. எனக்குக் காட்டுவதற்காக உட்கார்ந்து நீ வெட்டியது.

மீண்டும் எழுத எனக்குத் தெம்பில்லை. போர்ட் கிள்ளானில் கப்பல் நிறுவனமொன்றில் வேலைக்குப் போனேன். இரண்டு தீபாவளி கழித்து உன் சொற்செயலி வெளிவந்தது. ழகரத்தின் வால் என் கைவளைவாகவே இருக்கிறதே என்று கேட்டேன். "ரெண்டு பேரும் சேர்ந்துதானடா யோசிச்சோம்," என்றாய். நம்பினேன். வெளியீட்டு விழாவில் உனக்கு மாலை போட்டவனும் நான்தான். கோயில் அறிவிப்பிலும் கல்யாணப் பத்திரிகையிலும் அந்த எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் நண்பன் என்று பெருமைப்பட்டேன்.

அந்தத் திருட்டை நான் ஒருவேளை விட்டுவிடுவேன். நிரல்கள் பழசாகின்றன, இன்று அதை யார் ஓட்டுகிறார்கள்? நீ எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாயே, அதை எப்படி விடுவது?

நண்டுக் குழம்பு பரிமாறிக்கொண்டே அம்மா உன்னிடம் சொன்னார்: "தம்பி, அக்காகிட்ட பேசத்தான் எடுத்தேன். உங்க ரெண்டு பேரு உழைப்பையும் நாந்தான் கெடுத்துட்டேன்."

நீ தலைநிமிராமல் சொன்னாய்: "பரவால்லம்மா. இனிமே இவன் கம்ப்யூட்டர்ல இருந்தா ஃபோனத் தொடாதீங்க, போதும்லா." பிறகு இன்னொரு கரண்டி குழம்பு கேட்டாய்.

அம்மா தொடவில்லை. மோடத்தையே நான் தூக்கிப் போட்ட பிறகும், கணினியில் வெளிச்சம் தெரிந்தால், "எடுக்கலாமாய்யா?" என்று கேட்டுவிட்டுத்தான் ரிசீவரில் கைவைப்பார். ஒரு காலையில் நான் குளித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி விடாமல் அடித்தது. கணினி போட்டபடி கிடந்தது. அம்மா பக்கத்திலேயே நின்றார், எடுக்கவில்லை. பெரியம்மா இறந்த செய்தி பக்கத்து வீட்டார் வழியாகத்தான் எங்களுக்கு வந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெட்டியை மூடிவிட்டிருந்தார்கள்.

அம்மாவின் பாடைக்கு நீயும் தோள் கொடுத்தாய். அப்போதாவது கனத்ததா?

என்னை மட்டும் கூப்பிடச் சொன்னது உன் வாக்குமூலமா, அல்லது அந்தக் கேபிள் என்னிடம்தான் இருக்கிறது என்ற கணக்கா? அந்தக் கோப்பை அழிக்க ஒரு விசை போதுமே. வைத்திருந்தாய். நீ உயிரோடிருந்து என் முகத்தைப் பார்க்க வேண்டிய தருணத்தை மட்டும் தவிர்த்துக்கொண்டாய்.

"கெடச்சுதா அங்கிள்?" என்று யாழினி எட்டிப் பார்த்தாள்.

"முழுசா வந்துருச்சும்மா."

அவள் கைதட்டினாள். கூட்டத்தில் நீங்கதான் அப்பாவைப் பற்றிப் பேச வேண்டும் என்றாள். உன் கண்களே அவளுக்கும். அன்று கேபிளைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பேச ஒப்புக்கொண்டுவிட்டேன், சேகர். கூட்டத்துக்கு முன்பே யாழினியை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்வேன்; ஊரோடு சேர்ந்து அவள் அதைக் கேட்கக் கூடாது. பிறகும் அவள் விரும்பினால் மேடையேறுவேன். விரும்பாவிட்டால் இந்தக் கடிதம் பேசிக்கொள்ளும். நீ கொடுத்த தோளையும் சொல்வேன், நீ பொய் சொல்லிச் சாப்பிட்ட சோற்றையும் சொல்வேன். உன்னைப்போல் பாதியாக வெட்டிக் காட்ட மாட்டேன். நிரல் திரையில் ஓடும்போது, இதை என் தாய் கெடுக்கவில்லை என்று அவர் பெயரைச் சொல்லி ஒருமுறை உரக்கச் சொல்வேன். இது வாக்கு.

கீழே உன் நண்பன் என்று எழுத வரவில்லை.

இப்படிக்கு,
அஞ்சலையின் மகன்