ஒரே வீட்டுப் பிள்ளைகள்

ஜூன் 12, வியாழன்

ஜெர்மன் வகுப்பில் இன்றும் உளறினேன். கல்யாணமாகியும் ஃபிரெட்ரிக் ஷ்டுட்கார்ட்டில், நான் சாந்தோமில். அவரோடு போய்ச் சேர விசா வேண்டும். விசாவுக்கு இந்த முதல் நிலைத் தேர்வில் பாஸ் ஆகவேண்டும். பள்ளியில் இத்தனை வருடம் இங்கிலீஷ் டீச்சர் — நாலு வாக்கியம் வரவில்லை. சொல்லிக்கொடுக்கும் பங்கஜம் மேடம், "இங்கிலீஷும் ஜெர்மனும் அக்கா தங்கச்சி மாதிரி டெல்பின், உங்களுக்கு ஈஸி" என்கிறார். பின்னே தங்கச்சி பேசவேண்டிய இடத்தில் அக்கா ஏன் முந்திக்கொண்டு வாயைத் திறக்கிறாள்?

ஜூன் 15, ஞாயிறு

அம்மா போனபிறகு வீட்டில் நானும் அப்பாவும்தான். அவரும் இன்று, "ஒரே வூட்டுப் புள்ளைங்கன்றாங்க, அப்புறம் இன்னாமா கஷ்டம்?" என்றார். எங்கள் சர்ச் பங்கில் மட்டும் என்ன வாழ்கிறது? பாதிப்பேர் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள். மூக்கு ஒரே மாதிரி. பூசை முடிந்தால் ஆளுக்கொரு வாசல்.

"ஜெபத்துல ஆரம்பியேன்" என்றார் அப்பா. செய்து பார்க்கலாம்.

ஜூன் 19

பரலோக மந்திரம் ஜெர்மனில் மனப்பாடம். ஃபாதர் அங்கே ஃபாட்டர், பிரெட் ப்ரோட், கிவ் கிப். எல்லாம் தெரிந்த முகம். அடுத்த வரியில் ஒரு முகமும் தெரியவில்லை. சொந்தமா, இல்லையா?

ஜூன் 24

ஃபிரெட்ரிக் போனில், "இங்க எல்லாரும் இங்கிலீஷ் பேசுவாங்க, பயப்படாத." பின்னே எதுக்கு இந்தத் தேர்வு? எரிச்சலா வருது.

ஜூலை 3, வியாழன்

தேர்வு. கார்டில் இருக்கும் பொருளை எதிரில் இருப்பவரிடம் கேட்கவேண்டும். எனக்கு வந்தது ரொட்டி. மண்டை காலி. இங்கிலீஷ் வந்தது, விழுங்கினேன். கை தானாகச் சிலுவை போட்டது. உடனே வாய், அனுதின உணவு கேட்கும் ஜெப வரியை அப்படியே ஜெர்மனில் ஒப்பித்துவிட்டது.

எதிரில் இருந்தது என்னோடு தேர்வுக்கு வந்த ஷோயப்; கொஞ்சம் திகைத்தான். பிறகு கார்டை எடுத்து என் கையில் கொடுத்து, "ஆமீன்" என்றான். தேர்வாளர் குனிந்து எழுதினார்; தோள் குலுங்கியது.

போச்சு. இல்லை — கேட்டது கேட்டதுதானே?

ஜூலை 21, திங்கள்

பாஸ். ஃபிரெட்ரிக் அதற்குள் டிக்கெட் பார்க்கிறார். சந்தோஷம்தான். அப்புறம் ஏன் எந்தத் தேதி என்று நான் கேட்கவில்லை? பாஸ் ஆகமாட்டேன் என்று மனசின் ஓரத்தில் நம்பிக்கொண்டிருந்தேனோ?

அப்பா தி.நகர் போய் இரண்டு ஸ்வெட்டர் வாங்கி வந்தார். ஒன்று உங்களுக்கா என்றேன்.

"எனக்கு இன்னாத்துக்குமா? ஒண்ணு தொவைக்கப் போட்டா, இன்னொண்ணு வேணாமா?"

போட்டுக் காட்டச் சொன்னார். கழற்ற மனம் வரவில்லை. வியர்க்க வியர்க்க அதோடேயே இரண்டு பேருக்கும் சோறு போட்டேன்.