பக்கவாட்டு முகம்

அக்கா, உன் மகள் அனுப்பிய படம் என் செல்போனில் வந்து கிடந்தது. ஆதார் அட்டைக்கு எடுத்த படம். மூச்சைப் பிடித்துக்கொண்டு, யாரோ அதட்டி உட்கார வைத்ததுபோல் இருக்கிறாய். கூடவே குரல் பதிவும் அனுப்பியிருந்தாள். "ஆன்ட்டி, அம்மாவுக்கு இத வுட்டா தனியா ஒரு படம் இல்ல. நீங்க நல்லா வரைவீங்கன்னு சொல்லினே இருப்பாங்க. கருமாதிக்குள்ள வரைஞ்சி குடுக்கறீங்களா?"

அங்கன்வாடிப் பிள்ளைகள் சாப்பிடுவதையும், எடை பார்ப்பதையும் தினமும் படமெடுத்து ஆபீசுக்கு அனுப்பியவள் நீ. உன்னை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். மஞ்சள் காமாலை இவ்வளவு சீக்கிரம் உன்னைக் கொண்டுபோகும் என்று யார் கண்டார்கள்?

உன் மகளின் குரலைக் கேட்டு முடித்ததும் எனக்கு அழுகை வரவில்லை. அலுப்புதான் வந்தது. நர்ஸ் வேலையில் தடுப்பூசி முகாம், கர்ப்பிணிகள் பதிவு, வீட்டில் ஊறப்போட்ட அரிசி, இவற்றோடு இன்னொன்றா என்றிருந்தது. வரைவது எனக்கு எப்போது வேலையாக மாறியது என்று தெரியவில்லை.

மலையடிவாரத்தில், மேலே நெல்லிவாசல்நாட்டுக்குப் போகும் ஜீப்புக்காக நாம் காத்துக்கிடந்த காலத்தில் அது வேலையாக இல்லை. ஆள் நிறையாமல் டிரைவர் வண்டியை எடுக்கமாட்டார். மற்றவர்கள் அவரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். நாம் உள்ளே உட்கார்ந்து, காலியான மாத்திரைப் பெட்டியைப் பிரித்து, உள்பக்க வெள்ளையில் பால்பாயின்ட் பேனாவால் எதிரில் இருப்பவர்களை வரைவோம். சாமை மூட்டையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறவர், வெற்றிலையை வாயில் ஒருபக்கம் ஒதுக்கும் பாட்டி. நீ யாரை வரைந்தாலும் அதில் உன் மாமியார் வந்துவிடுவார்.

"இன்னா பண்றது, வூட்லதான் உசுர வாங்குதுன்னு பாத்தா, பேனாக்குள்ளயும் வந்து குந்திக்குது" என்பாய். சிரித்துச் சிரித்து எனக்குக் கோடு கோணிவிடும்.

பிறகு நான் ஸ்கூட்டி வாங்கினேன். சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்று மேலதிகாரி நெருக்கிக்கொண்டே இருந்தார். வாங்கியதும் நிம்மதியாகத்தான் இருந்தது. காத்திருக்க வேண்டாம், இடிபட வேண்டாம். சில மாதம் கழித்து வழியில் பார்த்தபோது கேட்டாய். "வண்டி வாங்கினா நேரம் மிச்சமாவும்னு சொன்னியே, அத எங்கடி வச்சிருக்க?"

பதில் சொல்ல நேரமில்லாமல் கிளம்பிவிட்டேன். மிச்சமான நேரத்தில் கூடுதலாக இரண்டு ஊர் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். மழைக் காலம் முடிந்ததும் வரையலாம், பிள்ளையின் பரீட்சை முடிந்ததும் வரையலாம் என்றே வருஷங்கள் போயின. யாரும் என்னைத் தடுக்கவில்லை அக்கா. தடுத்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

துணை சுகாதார நிலையத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து, உன் மகள் கேட்ட படத்தை வரைந்து பார்த்தேன். கண் வந்தது, வாய் வந்தது, நீ வரவில்லை. கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி போட்டாலும் ஆதார் அட்டைதான் வந்தது. கை மரத்துப் போய்விட்டது என்று பயந்தேன். நாலைந்து நாள் அப்படியே போன பிறகுதான் புரிந்தது. ஜீப்பில் நீ எப்போதும் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். உன்னை நேராக நான் பார்த்ததே குறைவு. எனக்குத் தெரிந்தது உன் வலது கன்னம், காதோர நரை, பேச்சுக்கு நடுவே மேலே ஏறும் தாடை. அதை வரைந்தேன். கோடு நடுங்கியிருந்தது. ஆனாலும் அது நீ.

கொண்டுபோய்க் கொடுத்தேன். உன் வீட்டுக்காரர் வெகுநேரம் பார்த்தார். "அவளேதாம்மா. ஆனா சைடுல பாக்குற மூஞ்சிக்கு எப்படிம்மா மாலை போடறது? கும்புடறவங்கள அவ பாக்க வேணாவா?" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. செங்கத்து ஸ்டுடியோவில் ஆதார் படத்தையே பெரிதாக்கி, பின்னால் நீல வானம் போட்டு மாட்டிவிட்டார்கள். அதற்குத்தான் மாலை.

நான் வரைந்ததை உன் மகள் தன் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டாள். "இதுல அம்மா பேசினு கீறாங்க" என்றாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அதற்குப் பிறகு நான் எதையும் வரையவில்லை. வரைவேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்கவும் தெம்பில்லை. ஆனால் நேற்று முகாமில் ஒருத்தி ஊசிக்கு ஜாக்கெட் கையை ஏற்றிவிட்டு உட்கார்ந்தாள். இத்தனை வருஷமாக நான் தோள்பட்டைகளை மட்டுமே பார்த்து வந்திருக்கிறேன். நேற்று நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பின்னால் நின்ற வரிசை முணுமுணுக்கத் தொடங்கியது.

"இன்னா சிஸ்டர், இன்னும் போடலியா?" என்றாள் ஊசிக்கு உட்கார்ந்திருந்தவள்.

"இரும்மா" என்றேன்.