சம்பந்தி அனுப்பிய திமிங்கலம்

ஜூன் 18, புதன்

காலையிலிருந்தே வெயில். மலை உச்சியில் பேருக்கு ஒரு மேகம்.

ஒரு மானக்கேடு. எழுதித் தொலைக்கிறேன். ஐம்பத்தாறு வயதில், வாரா வாரம் திமிங்கலம் சாப்பிடுகிறவன் என்று ஒரு ஜப்பான் குடும்பத்திடம் பெயர் வாங்கிவிட்டேன்.

போன மாதம் வீடியோவில் பேசினோம். ஜப்பானில் வேலை பார்க்கும் என் மகள் கவி கட்டிக்கொள்ள ஆசைப்படும் பையன் கென்ஜி. இங்கே மலேசியாவில், ஷா ஆலம் தொழிற்சாலையில் கொஞ்ச காலம் இருந்தவன். எனக்கும் அவனுக்கும் மலாய்தான் பாஷை. பக்கத்தில் அவன் அப்பா, சிலை மாதிரி. எங்கள் குனோங் ராபாட்டில் மழை பிடித்தால் லைன் விக்கும். பையன் தன் அப்பாவின் ஊர்ச் சாப்பாட்டைப் பற்றி என்னவோ சொன்னான். என் காதில் விழுந்தது "ஈக்கான் பா" வரைக்கும்தான். மீதியை நானே போட்டுக்கொண்டேன்: ஈக்கான் பாரி. திருக்கை. வாழையிலையில் சம்பல் தடவிச் சுட்ட திருக்கை என்றால் எனக்கு உயிர். "செடாப்! வாரா வாரம் சாப்பிடுவேன்!" என்று கட்டைவிரலை வேறு தூக்கிக் காட்டினேன்.

அவன் சொன்னது ஈக்கான் பாவுஸ். திமிங்கலம்.

சிலை சிரித்தது. நம் ராசி என்று நினைத்தேன்.

இன்று கவி போனில்: "நீங்க எப்பப்பா திமிங்கலம் சாப்பிட்டீங்க?"

"திருக்கைன்னு நெனச்சேன்லா."

அந்தப் பக்கம் நெற்றியில் அடித்துக்கொள்ளும் சத்தம். பிறகு, "அவங்கப்பா இந்தக் கல்யாணத்துக்கு ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. உங்ககூட பேசுன பின்னாடிதான் மொகத்துல சிரிப்பே வந்துச்சு. உங்களுக்குன்னு ஒரு டின் வாங்கி கென்ஜிகிட்ட குடுத்திருக்காரு. இப்பப் போயி மாத்திப் பேசிராதீங்கப்பா, ப்ளீஸ்லா."

அந்தப் பக்கம் சிலை. இந்தப் பக்கம் பாக்கியம். என் மனைவி. பையன் விஷயம் காதில் விழுந்த நாளிலிருந்து மகளோடு "சாப்டியா" என்பதைத் தாண்டிப் பேச்சில்லை. அவன் பெயரும் அவள் வாயில் நிற்கவில்லை.

"கஞ்சி எப்ப வருது?"

கஞ்சி வெள்ளிக்கிழமை வருகிறது, கவியோடு.

ஜூன் 19, வியாழன்

விருந்தாளிக்கு மெத்தை உறை. கேஸ். குளியலறைக் குழாய் சொட்டுகிறது, இன்னும் சொட்டுகிறது.

காதர் அண்ணன் கடையில் நுரை பொங்க ஒரு கப் தே தாரே. விஷயத்தைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கல்லாவில் இருந்த மருமகனையும் கூப்பிட்டு மறுபடி சொல்ல வைத்தார். நாளைக்கு ஊருக்கே தெரியும்.

"எங்களுக்கு ஆகும்லா. கடல்ல உள்ளதெல்லாம் ஹலால். ஆனா நான் திங்கமாட்டேன்."

"ஏண்ணே?"

"டிவில பாத்தேன். குட்டி செத்துப் போச்சு. தாய் அத கீழ போக விடமாட்டேங்குது, மூக்கால தூக்கித் தூக்கி விட்டுக்கிட்டே நீந்துது. எத்தன நாளு! நான் பாதியில அணைச்சிட்டேன்."

மட்டன் பிரட்டல் தட்டைத் துடைத்துக்கொண்டேதான் சொன்னார். நானும் அதைத் தின்றுகொண்டேதான் கேட்டேன். ஆட்டுக்கும் தாய் உண்டு, டிவியில் காட்டுவதில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கணக்கு. ஒரு கரண்டி நெத்திலி சம்பலில் எத்தனை உயிர்? ஒரு திமிங்கலம் செத்தால் ஊரே சாப்பிடும். உயிரை எண்ணினால் திமிங்கலம்தான் சைவத்துக்குப் பக்கம். நல்ல வாதம். பாக்கியத்திடம் சொன்னேன்.

"ஒங்களுக்கு வாய் இருக்கே, அது ஒண்ணு போதும்."

ஜூன் 20, வெள்ளி

மழை. கவி இளைத்திருக்கிறாள். பையன் நெட்டை, வாசலில் தலை இடித்துக்கொண்டான், அதற்கும் குனிந்து மன்னிப்புக் கேட்டான், கதவிடம்.

உட்காரும் முன்னே டின்னை எடுத்தான். துணியில் சுற்றி, இரண்டு கையாலும், பாக்கியத்திடம். "டாரி பாப்பா சாயா." எங்க அப்பா கொடுத்தது. இதையெல்லாம் நாட்டுக்குள் கொண்டுவரலாமா கூடாதா, யாருக்குத் தெரியும்? நான் எழுந்து போய் சன்னலைச் சாத்தினேன்.

பாக்கியம் டின்மேல் இருந்த படத்தையே பார்த்தாள். கவியிடம்:

"இது முட்ட போடுமா, குட்டி போடுமா?"

"குட்டிம்மா."

"பால் குடுக்குமா?"

கவி என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"குடுக்கும்மா."

டின் சமையலறைக்குப் போகவில்லை. குப்பைக்கும் போகவில்லை. சாப்பாட்டு மேசை நடுவில், சில்லி சாஸ் பக்கத்தில். வெள்ளிக்கிழமை, வீட்டில் சைவம், இன்றைக்குத் திறக்க வேண்டாம் என்று ஒரு சாக்கு கிடைத்தது. சாம்பார், பயற்றங்காய்ப் பொரியல், அப்பளம். பையன் மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டான். பாக்கியம் பரிமாறினாள், முகம் பார்க்காமல்.

படுக்கும்போது சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "அவ்ளோ தூரத்துல குடுத்துட்டா, அவளுக்கு ஒரு வயித்து வலின்னா நான் எப்புடிங்க போவேன்?"

முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

ஜூன் 21, சனி

பகல் சாப்பாட்டுக்கு முன்னால். பாக்கியம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அவளே மலாயில், நேராகப் பையனிடம்: தண்ணீருக்குள் குட்டி எப்படிப் பால் குடிக்கும்? கலந்துவிடாதா?

பையன் யோசித்தான். சொல் கிடைக்கவில்லை போல. தரையில் படுத்துவிட்டான். அத்தனை உயரமும் எங்கள் ஹால் மொசைக்கில். லேசாகச் சாய்ந்து, தாய் இப்படி மெதுவாய்ப் போகும் என்று நீந்திக் காட்டினான். கவியின் கைப்பைதான் குட்டி. பைக்கு நாக்கை இப்படி மடிக்கத் தெரியும் என்று தன் நாக்கைக் குழாய் மாதிரி மடித்துக் காட்டினான். பால் தண்ணீர் மாதிரி இருக்காதாம். கெட்டியாம், கலையாதாம்.

"தயிரு மாதிரியா?" என்றாள் பாக்கியம்.

கவி மொழிபெயர்த்தாள். பையன் படுத்தபடியே பலமாகத் தலையாட்டினான்.

பாக்கியம் சிரித்தாள். வெங்காயக் கண்ணீரோடு, கத்தியைக் கீழே வைத்துவிட்டு, தோள் குலுங்க. இந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதம்!

"எந்திரிக்கச் சொல்லுடி, தரையெல்லாம் ஈரம்."

அப்புறம் டின்னை எடுத்தாள். நான் பின்னாலேயே போனேன்.

"நீ சாப்பிட வேணாம் பாக்கியம்."

"நான் எங்க சாப்பிடப்போறேன்? பால் குடுக்கற சீவன். ஆனா செத்தது செத்துருச்சு. குப்பையில போட்டா ரெண்டாவது தடவையும் கொன்ன மாதிரி. அவங்கப்பா கையால குடுத்து விட்டது வேற."

பின்பக்க அடுப்பு, பழைய சட்டி. வெங்காயம், கறிவேப்பிலை, நிறைய சிலிபாடி, நெருப்பு மிளகாய். முகமூடி மாதிரி துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு கிண்டினாள். உப்புப் பார்க்க நான்தான்.

ருசி: முதலில் இனிப்பு, அவர்கள் ஊர் சோயா கீச்சாப், இஞ்சி. அடுத்து ஈரல். விழுங்கிய பிறகு கடலோரம், லுமுட் படகுத்துறை.

உண்மையைச் சொல்ல வேண்டியது இங்கேதான். நன்றாக இருந்தது. வாடையாய் இருந்திருந்தால் தியாகம் என்று சொல்லிக்கொள்ளலாம். முதல் கரண்டி சம்பந்திக்காக. இரண்டாவது எனக்காக. அதை மெல்லும்போதுதான் காதர் அண்ணன் சொன்ன அந்தத் தாயின் நினைப்பு வந்தது. துப்பவில்லை. அதுவும் உண்மை.

கவி தொடவில்லை. பையன் எனக்குச் சமமாய்ச் சாப்பிட்டான். கண்ணெல்லாம் தண்ணீர். பாவம், ஊர் நினைப்பு, அம்மா கைச் சமையல் ஞாபகம் என்று தோளைத் தட்டிக் கொடுத்தேன்.

பாக்கியமும் அதைப் பார்த்தாள். கரண்டியை எடுத்தாள். கவியிடம் சொன்னாள்:

"மாப்ளைக்கு இன்னும் கொஞ்சம் வையி."

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த கவியின் கை அப்படியே நின்றது. டம்ளர் வழிந்து மேசையெல்லாம் ஓடியது. யாரும் துடைக்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

பஸ் ஏற்றிவிட்டோம். சம்பந்திக்கு எலுமிச்சை ஊறுகாய், மூன்று பிளாஸ்டிக் பை சுற்றி. பாக்கியம் மகளைக் கட்டிக்கொண்டு ஏதோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. கேட்கவும் முயலவில்லை.

பழைய சட்டியைத் தூக்கிப் போட்டாயிற்று.

"இனிமே திருக்கையும் வேணாம்" என்கிறாள். ஏன் என்று கேட்டால், "அதுவும் குட்டி போடும்லா." இருக்கிறது வம்பு.

ஜூலை 2, புதன்

புழுக்கம். குழாய்க்காரன் வரவில்லை.

கவி பேசினாள். சம்பந்தி வீட்டில் விருந்தாம், நாள் குறிக்கச் சொல்லிவிட்டார்களாம். பாக்கியம் போனை வாங்கிக்கொண்டு சாமியறைக்குப் போய் நெடுநேரம் பேசினாள். மறுபடி என் கைக்கு வந்தது.

"என்ன விருந்துடா?"

"கோழிப்பா. திமிங்கலம் இல்லையான்னு சும்மா கேட்டேன். எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அவங்கப்பா சின்ன வயசுல பள்ளிக்கூடத்துல சாப்பாட்டுக்குப் போட்டப்ப தின்னதாம், அதோட சரி, அந்த வாடையே அவருக்கு ஆகாதாம். நீங்க வாரா வாரம் சாப்பிடுவீங்கன்னு சொன்னதால, மனசக் கல்லாக்கிக்கிட்டு பக்கத்து ஊருக்குப் போயி தேடி வாங்குனாராம்."

"அப்ப கென்ஜி? எனக்குச் சமமா சாப்பிட்டானே?"

"நம்ம வீட்டுலதாம்ப்பா முதல் தடவ."