வியாழக்கிழமை மேசையும் நான்கு குறைகளும்

ஏப்ரல் 4, வியாழன்

வெர்ன் ஓட்டலில் பரிமாறும் முறை கெட்டுவிட்டது. கோபத்தில் எழுதவில்லை, சாப்பிட்டு வந்து மூன்று மணி நேரம் கழித்துத்தான் எழுதுகிறேன். இனி வரும் வியாழக்கிழமைகளில் இந்த நோட்டில் பதியப்போவது:

1. வாய் நிறைய உணவு இருக்கும்போது வந்து "எல்லாம் நல்லாருக்கா?" என்று கேட்பது.
2. காப்பி பாதி இருக்கும்போதே பில்லைக் கொண்டுவந்து வைப்பது.
3. என் மனைவி மார்னா சாப்பிட்டு முடிக்கும் முன்பே என் தட்டை எடுத்துவிடுவது.
4. எதையும் ஒரே ஒரு முறை கேட்டுவிட்டுப் போய்விடுவது.
5. இதையெல்லாம் நான் ஏன் வாய்திறந்து சொல்வதில்லை என்பது. (இது ஓட்டலின் குறையல்ல. வரிசை முழுமையாக இருக்கட்டும் என்று சேர்த்தேன்.)

பத்தொன்பது வருடமாக வியாழன் மதியம் ஏரி தெரியும் ஜன்னலோர மேசை எங்களுடையது. பரிமாறியவர் ஆர்டிஸ். பிப்ரவரியில் அவருக்கு முழங்கால் போய், ஃபார்கோவில் மகள் வீட்டோடு இருந்துவிட்டார். அவர் இடத்தில் இப்போது ட்ரீனா என்ற பெண்மணி. ஐம்பது வயது இருக்கும், நியூ ஜெர்சிக்காரி. எண்பத்தொரு வயதான என்னைக் 'கண்ணு' என்கிறாள்.

மூன்றாவதுதான் முக்கியம். மார்னாவுக்குக் கை நடுக்கம் வந்து இரண்டு வருடமாகிறது. ஒரு துண்டு மீன் சாப்பிட முக்கால் மணி ஆகும். பனிக்காலம் தொடங்கியதிலிருந்து ஒன்பது பவுண்டு குறைந்திருக்கிறாள். வீட்டில் நான் சமைப்பதை இரண்டு வாய்க்கு மேல் தொடுவதில்லை. (நான் சமைப்பது எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும்.) வாரத்தில் அவள் ஒழுங்காகச் சாப்பிடுவது இந்த ஒரு வேளைதான். இப்போது அதிலும் பாதி தட்டிலேயே நின்றுவிடுகிறது. அடுத்த மாதம் டாக்டர் மறுபடி எடை பார்ப்பார்.

முப்பத்து நான்கு வருடம் நகராட்சியின் நீர்ச் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவன் நான். ஒரு மாதிரியை வைத்து முடிவு சொல்லமாட்டேன், மூன்று வேண்டும். பிறகு ஓட்டல் முதலாளி வெர்னுக்கு ஒரு கடிதம். முடிவு என்னவாக இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஏப்ரல் 5, வெள்ளி

சோதனைக்கூடத்தில் வைத்திருந்த பழைய பாக்கெட் கடிகாரம் மேசை இழுப்பறையில் கிடைத்தது. சாவி கொடுத்தேன். ஓடுகிறது.

ஏப்ரல் 11, வியாழன்

வெளியே ஈரப்பனி. ஓட்டலில் எங்களோடு சேர்த்து ஐந்து மேசைகளில்தான் ஆட்கள். ஆகவே அவசரம் என்று சாக்குச் சொல்ல இடமில்லை.

12.10 உட்கார்ந்தோம். எனக்குக் காட்டரிசி சூப்பும் மீனும். மார்னாவுக்கு மீன் மட்டும்.

12.24 வாயில் சூடான உருளைக்கிழங்கு. அந்த நொடி பார்த்து, "எல்லாம் நல்லாருக்கா, கண்ணு?" தலையாட்டினேன். பாராட்டு என்று எடுத்துக்கொண்டு போனாள்.

12.37 நான் முடித்தேன். முடித்தது தெரியக்கூடாது என்று தட்டில் ஒரு உருளைக்கிழங்குத் துண்டை விட்டு வைத்திருந்தேன். ஒரு மாதமாக இந்த உத்தியைக் கையாள்கிறேன். தட்டில் ஏதாவது இருந்தால் எடுக்கமாட்டார்கள், மார்னாவும் தான் மட்டும் தனியாகச் சாப்பிடுவதாக நினைக்கமாட்டாள்.

12.39 ட்ரீனா வந்து நின்றாள். "அந்த ஒத்தைத் துண்டோட இன்னும் எவ்வளவு நேரம் மல்லுக்கட்டப் போறீங்க? எடுத்துடட்டா?"

"எடுத்துக்கங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? ஏன்? 'என் மனைவி சாப்பிட்டு முடிக்கட்டும்' என்று சொல்ல எத்தனை சொற்கள் வேண்டும்? நாலு. எனக்கு அந்த நாலும் வரவில்லை.

12.41 மார்னா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். பாதி மீன் அப்படியே இருந்தது.

"போதுமா?" என்றேன்.

"போதும்."

காப்பி விஷயம். "இன்னொரு கப்?" என்று ட்ரீனா கேட்டாள். "இல்ல, பரவாயில்ல" என்றேன். போயே போய்விட்டாள்! ஆர்டிஸாக இருந்தால், "அரை கப்பாவது?" என்பார். "சிரமப்படாதீங்க" என்போம். "இதுல என்ன சிரமம், கையிலதான இருக்கு" என்பார். அப்போது, "சரி, ஒரு சொட்டு" என்போம். எங்கள் ஊரில் முதல் 'வேண்டாம்' மரியாதை, இரண்டாவது அடக்கம். மூன்றாம் முறை கேட்கும்போதுதான் பதில். இது எந்தப் பள்ளியிலும் சொல்லித்தருவதில்லை, எல்லோருக்கும் தெரியும். காலிக் கப்பைப் பார்த்துக்கொண்டு பதினோரு நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 16, செவ்வாய்

தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் மார்னா சொன்னாள்: "இந்த வியாழன் நீ மட்டும் போயிட்டு வா, எய்னார். எனக்கு வேணாம்."

"சரி" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றாள். பிறகு போய் டிவியைப் போட்டாள்.

காரணம் எனக்குத் தெரியும். மூன்றாவது குறை. வெந்நீர் ஆறும்வரை கையை அதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். பத்தொன்பது வருட வழக்கம். ஒரு தட்டை எடுக்கப் பொறுமையில்லாத ஒருத்தியால் போயிற்று. இரண்டு மாதிரிதான் ஆகியிருக்கிறது. போதும். கடிதம் எழுதப்போகிறேன்.

ஏப்ரல் 17, புதன்

நாலு முறை எழுதித் திருத்தினேன். ஐந்தாவது குறையை விட்டுவிட்டேன், அது வெர்னுக்குத் தேவையில்லை. 'தயவுசெய்து' என்ற சொல் ஆறு இடத்தில் இருந்தது, மூன்றாகக் குறைத்தேன். நல்ல கடிதம். நானே சொல்லக்கூடாது, ஆனாலும் நல்ல கடிதம்.

ஏப்ரல் 18, வியாழன்

தனியாகப் போனேன். உட்கார்ந்தால் தைரியம் போய்விடும் என்று உள்ளே நுழைந்ததுமே கல்லாவில் நின்ற வெர்ன் கையில் கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். "வாழ்த்து அட்டையா?" என்றார். "அப்படியில்ல" என்றேன்.

ட்ரீனா இரண்டு தண்ணீர்க் குவளைகளோடு வந்தாள். எதிர் நாற்காலியைப் பார்த்தாள்.

"எங்க உங்க ராணியம்மா?"

"வரலைன்னுட்டா."

"உடம்புக்கா?"

"இல்ல. வேணாம்னா."

"நீங்க எத்தனை வாட்டி கேட்டீங்க?"

எனக்குப் புரியவில்லை.

"அந்த ஆறாம் நம்பர் மேசைத் தாத்தா திங்கக்கிழமை எனக்கு ஒரு பாடமே எடுத்தாருங்க. 'ஏம்மா, இந்த ஊர்ல வேணாம்னா வேணாம்னு அர்த்தமில்ல, மூணு வாட்டி கேக்கணும், ரெண்டு மாசமா நான் காப்பி இல்லாம வீட்டுக்குப் போறேன்'னு. எங்க ஊர்ல ஒருத்தர் வேணாம்னு சொன்னப்புறம் திருப்பித் திருப்பிக் கேட்டா அடிக்க வருவாங்க! எனக்கு எப்படித் தெரியும்? நீங்களாச்சும் சொல்லியிருக்கலாம்ல, கண்ணு? சரி, நீங்க எத்தனை வாட்டி கேட்டீங்க?"

நான் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. மார்னா வேண்டாமென்றாள், சரி என்றேன். எந்தக் குறையைக் கடிதத்தில் நாலாவதாக எழுதினேனோ அதையே, அதைவிட மோசமாக, என் வீட்டுச் சமையலறையில் நானே செய்திருக்கிறேன்.

பிறகு ட்ரீனா காப்பி வேண்டுமா என்று மூன்று முறை கேட்டாள். ஒவ்வொரு முறையும் விரலை மடக்கிக் காட்டினாள். பக்கத்து மேசையில் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

கிளம்பும்போது வெர்ன் கூடவே கார் வரை வந்தார். "படிச்சேன். மத்ததெல்லாம் சொல்லிக் குடுத்தா கத்துக்குவா. மூணாவது பெருசுங்க. மார்னா மாதிரி ஒருத்தங்க என் ஓட்டல்ல அரை வயித்தோட எந்திரிக்கிறாங்கன்னா எனக்குத்தான் அசிங்கம். திங்கக்கிழமையிலேருந்து அவளப் பின்னால பாத்திரம் கழுவப் போட்டுடறேன். மேசைப் பக்கமே வரமாட்டா."

"ஐயோ, அதெல்லாம் வேணாம் வெர்ன்" என்றேன்.

தோளில் தட்டினார். "நீங்க நல்ல மனுஷன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வெர்ன் எங்கள் ஊர்க்காரர். முதல் 'வேண்டாம்' மரியாதை.

ஏப்ரல் 19, வெள்ளி

காலையில் கேட்டேன்: "அடுத்த வியாழன் வர்றியா, மார்னா?"

"இல்ல, நீ போ."

மதியம் சூப்பைச் சூடாக்கிக்கொண்டே கேட்டேன். "ட்ரீனா உன்னைக் கேட்டா. ஜன்னல்ல பாத்தா ஏரியில ஐஸ் உடைஞ்சு கெடக்கு. வாயேன்."

"உனக்கு எதுக்குச் சிரமம். நான் சாப்பிட்டு முடிக்கறதுக்குள்ள அந்த ஐஸே கரைஞ்சுடும்."

சாயங்காலம் மூன்றாம் முறை. டிவியை நிறுத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். "எனக்கு நீ வரணும்" என்றேன். முன்னால் எழுதிவைத்துக்கொள்ளாமல் சொன்னேன்.

அவள் கைகளை மடியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டாள். நடுக்கத்தை நிறுத்த அப்படிச் செய்வாள்.

"வர்றேன். ஆனா நீ என் தட்டைப் பாக்கக்கூடாது."

"நான் எங்க பாத்தேன்? என் தட்டைத்தான் அவ வந்து—"

"உன் தட்டை எடுக்கச் சொன்னதே நான்தான்."

கையிலிருந்த ரிமோட்டைக் கீழே வைத்தேன்.

"மார்ச்லயே சொல்லிட்டேன், நீ கோட்டு மாட்டப் போனப்ப. உனக்குத் தட்டு காலியாச்சுன்னா என் தட்டைப் பாக்க ஆரம்பிச்சுடற. ஒரு உருளைக்கிழங்கை வெச்சுக்கிட்டு ஜெயில் வார்டன் மாதிரி உக்காந்திருக்க. ஒவ்வொரு வாயா எண்ணுற. நீ எண்ணினா என் கை ஜாஸ்தியா ஆடுது, எய்னார். ஆடினா மீன் கீழ விழுது. அதுக்கு நிறுத்திடறதே மேல். தட்டு போயிட்டா நீ பழைய மாதிரி பேப்பரை விரிச்சுப்பன்னு நெனச்சேன். ஆனா நீ கடிகாரத்தை எடுத்த."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ வருத்தப்படுவ. அவகிட்ட ஒரு வாட்டிதான் சொன்னேன். ஏன் எதுக்குன்னு கேக்கல. 'அவ்ளோதான, நான் பாத்துக்கறேன் ராணியம்மா'ன்னா. உன்கிட்ட மூச்சு விடாதன்னு சொன்னேன், விடல பாரு."

கடிதத்தைப் பற்றியும் வெர்ன் சொன்னதைப் பற்றியும் சொன்னேன். மார்னா என்னை வெகு நேரம் பார்த்தாள். ஐம்பத்தாறு வருடத்தில் அப்படி ஒரு பார்வையைப் பார்த்ததில்லை.

"பாத்திரம் கழுவவா? எனக்காகச் செஞ்சதுக்கா? போய்ச் சரி பண்ணு" என்றாள்.

ஒரே ஒரு முறைதான் சொன்னாள்.

படுக்கப்போகும் முன் 11ஆம் தேதிக் குறிப்பைத் திரும்பப் படித்தேன். 12.37, 12.39, 12.41. ஒவ்வொரு எண்ணுக்கும் நான் ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்திருக்கிறேன், அவள் எதிரில் உட்கார்ந்துகொண்டு. சான்று முழுவதும் என் கையெழுத்திலேயே இருக்கிறது.

ஏப்ரல் 20, சனி

வெர்னுக்குப் போன் செய்தேன். மணி அடித்தது. அவர் எடுப்பதற்குள் வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 22, திங்கள்

நேரில் போனேன். மதியக் கூட்டம். மேசைகளுக்கு நடுவே வெர்னின் அக்கா மகள் தட்டுகளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். சமையலறைக் கதவு திறந்து மூடும்போது உள்ளே ட்ரீனாவின் முதுகு தெரிந்தது. முழங்கைவரை நுரை.

"வெர்ன், என் கடிதத்துல மூணாவதா எழுதினது தப்பு" என்றேன்.

"பரவாயில்லங்க, நீங்க மனசுல எதையும் வெச்சுக்காதீங்க."

"இல்ல வெர்ன். அது உண்மையிலேயே தப்பு."

"உங்க நல்ல மனசு எனக்குத் தெரியாதா? ஒருத்தர் பொழப்பைக் கெடுக்க வேணாம்னு பாக்கறீங்க. உக்காருங்க, ஒரு காப்பி குடிச்சிட்டுப் போங்க."

காப்பியை மறுத்திருப்பேன்; மறுபடி கேட்டிருப்பார்; அதோடு விஷயம் முடிந்திருக்கும். மரியாதையாகப் பேசினால் எங்கள் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நான் மரியாதைக்குச் சொல்லல!" என்றேன். குரல் இவ்வளவு பெரிதாக எனக்குள் இருந்தது தெரியாது. கரண்டிச் சத்தமெல்லாம் நின்றது. "மார்னா கேட்டுத்தான் அந்தம்மா தட்டை எடுத்தாங்க. மார்னா சாப்பிடாததுக்குக் காரணம் நான். நான் எதிர்ல உக்காந்து ஒவ்வொரு வாயா எண்ணினேன். அவங்களை மேசைக்கு அனுப்புங்க. இதை நான் நாலாவது வாட்டி சொல்லமாட்டேன்!"

ஆறாம் நம்பர் மேசையில் ஒரு கிழவர் கரண்டியால் கப்பைத் தட்டினார். பாராட்டாக இருக்கலாம், காப்பி கேட்டும் இருக்கலாம்.

ட்ரீனா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "யாரு எண்ணினது?" என்று வெர்னைக் கேட்டாள். வெர்ன் என்னைக் காட்டினார். இடுப்பில் கை வைத்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அடுத்த வாட்டி என் மேல கோபம்னா என்கிட்டயே சொல்லுங்க, கண்ணு. கடுதாசி எழுதிக்கிட்டு! ரெண்டாவது குறை சரிதான், பில்லை நான் சீக்கிரம்தான் வெக்கிறேன். பழக்கமாயிடுச்சு, போகாது."

மன்னிப்புக் கேட்டேன். ஒரு முறை. ஏற்றுக்கொண்டாள்.

ஐந்தாவதைப் பற்றி இன்று எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 25, வியாழன்

மார்னா நீலக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். கடிகாரத்தை இழுப்பறையிலேயே வைத்துவிட்டுப் போனேன். ஆகையால் இன்று நேரங்கள் இல்லை.

சூடான சூப்பு வாயில் இருக்கும்போது, "எல்லாம் நல்லாருக்கா?" முதலாவது குறை அப்படியே இருக்கிறது.

நான் முடித்தேன். முழுவதுமாக. ட்ரீனா வந்தாள். என்னைக் கேட்காமலே தட்டை எடுத்தாள், மார்னாவைப் பார்த்துக் கண்ணடித்தாள். நான் பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். ஐஸ் கரைந்தபின் ஏரியில் முதல் கப்பல் எப்போது வரும் என்று ஒரு கட்டுரை. இரண்டு முறை படித்தேன், ஒரு வரியும் தலையில் ஏறவில்லை. பேப்பருக்கு அந்தப் பக்கம் முள்கரண்டி தட்டில் படும் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒருமுறை ஏதோ கீழே விழுந்தது. நான் பேப்பரைத் தாழ்த்தவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அந்தச் சத்தம்.

"இன்னும் காப்பி?" என்று ட்ரீனா ஒரு விரலை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"வேணும்" என்றேன்.

நீட்டிய விரல் அப்படியே நின்றது. "என்னங்க, உடம்பு சரியில்லையா?" என்றாள். மார்னா சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது. அந்தக் காப்பி பாதிகூட ஆகவில்லை, பில் வந்துவிட்டது. இரண்டாவதும் அப்படியே இருக்கிறது.

மார்னா புளூபெர்ரி பை வேண்டாம் என்றாள், மறுபடியும் வேண்டாம் என்றாள், பிறகு சாப்பிட்டாள். நாலாவதை இனிமேல் குறையாகச் சொல்ல முடியாது. ஆனால் நான் எழுதியது சரி.

அவள் தட்டில் மீன் எவ்வளவு மிச்சமிருந்தது என்று இங்கே பதிய வேண்டும். எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை.

மூன்றாவதாக நான் எழுதியது தவறு.