பெட்ரோல் மூடியில் ஒரு பொட்டு

நைனா,

உன் கார் ஒரு வருடத்துக்கு மேல் வேப்பமரத்தடியில் கிடந்தது. இன்று காலை புது பேட்டரி போட்டு, சும்மா ஓட்டிப் பார்க்கலாம் என்று நகரியிலிருந்து எடுத்துக்கொண்டு போனேன். புத்தூரை நெருங்கும்போது பழையபடி வலு குறைந்தது. எப்படியோ பெட்ரோல் பங்குக்குள் திருப்பி, நானே இறங்கி டேங்க் மூடியைத் திருகினேன். 'உஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு திறந்தது. பெட்ரோல் வாசனையோடு காய்ந்த சந்தன வாசனையும் வந்தது. மூடியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள். அன்றைக்கு உன்னை நேரத்தோடு திருப்பதி ஆஸ்பத்திரியில் சேர்க்க விடாத கோளாறு எது என்று அந்த இடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

எவ்வளவு தேடினோம், நினைவிருக்கிறதா? ஆடிக்கொரு தரம், அமாவாசைக்கொரு தரம் வருகிற கோளாறு அது. ஊருக்குள் ஓட்டினால் ஒன்றுமே இருக்காது. நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போனபின், ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி இளைத்துக்கொண்டே வந்து நின்றுவிடும். நீ இறங்கிப்போய் பானெட்டைத் தட்டிக்கொடுப்பாய். "கோச்சிக்கினு கீது. கொஞ்ச நேரம் வுடு, தானா வரும்" என்பாய். அதேபோல் வரும். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

பார்க்காத மெக்கானிக் இல்லை. பில்டரை மாற்றினார்கள், பம்ப்பை மாற்றினார்கள், பிளக், காயில், ஒன்றையும் விடவில்லை. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். ஆனால் எல்லோரும் முதல் வேலையாக, பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்தார்கள். அத்தோடு நோய் போய்விட்டது. ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "ஏம் லேதம்மா, பண்டி பாகுந்தி" என்று சாவியை நீட்டுவார்கள். உனக்கு முகமெல்லாம் பெருமை. "பாத்தியா, ஒண்ணுமே இல்லேன்றான். நீதான் ஓட்டத் தெரியாம ஓட்டிக்கினு வர்ற!"

மூடியின் நடுவில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது, நைனா. பெட்ரோல் குறையக் குறைய அதன் வழியாகக் காற்று உள்ளே போகவேண்டும். போகாவிட்டால் டேங்க் பெட்ரோலை விடாது, இஞ்சின் பட்டினி கிடக்கும். வண்டியை நிறுத்திக் காத்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று கசிந்து நுழையும், மறுபடி ஓடும். இவ்வளவுதான் விஷயம். அந்த ஓட்டையின்மேல்தான் வருடா வருடம் ஆயுத பூஜைக்கு நீ சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தாய். பழையதைச் சுரண்டமாட்டாய், அதன்மேலேயே புதியது. வைப்பர், கண்ணாடி என்று ஒன்றையும் விடாமல் அப்பிக்கொண்டிருந்த உன்னை நான் கேலி செய்தேன். "டேங்க் மூடி அதுக்கு சோறு துன்ற வாய்டி. வாய்க்குப் பொட்டு வெக்காம வுடலாமா?" என்றாய்.

யாராவது ஒருத்தர் அதைச் சுரண்டியிருக்கலாம். சந்திரகிரி ஷெட்டில் அந்த மெக்கானிக் பாய், மூடியைச் சுற்றியிருந்த அழுக்கையெல்லாம் துணியால் துடைத்தார். பொட்டை மட்டும் சுற்றிக்கொண்டு போனது அவர் விரல். "சாமி பொட்டும்மா, நாம கை வெக்கக் கூடாது" என்றார். எல்லோரும் நல்லவர்கள். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் இன்றைக்கு முழுக்க உன்மேல்தான் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

அன்று காலை நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, ஆம்புலன்சுக்குப் போன் போடுகிறேன் என்றேன். "அது வந்து நின்னா ஊரே நான் செத்துட்டேன்னு பேசிக்கும். நம்ம வண்டி கீதே" என்றாய். நீ சொல்லி இந்த வீட்டில் யார் மறுத்திருக்கிறோம்? புத்தூர் தாண்டியதும் ஒரு தடவை நின்றது. வடமாலப்பேட்டைக்கு அப்பால் கணவாய் ஏற்றத்தில் மறுபடி நின்றது. கிளப்பினால் கொஞ்சம் நகரும், திரும்ப நிற்கும். நான் ஸ்டியரிங்கில் குத்திக் குத்தித் திட்டினேன். உனக்குச் சட்டையெல்லாம் வேர்வை. "வண்டியத் திட்டாதே. பாவம், வயசாயிடுச்சு அதுக்கு." நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது இதுதான். எனக்கென்று ஒரு வார்த்தை, அம்மாவுக்கென்று ஒரு வார்த்தை, எதுவும் இல்லை. தக்காளி ஏற்றிவந்த வேன்காரர் உன்னைத் தூக்கித் தன் வேனின் முன்சீட்டில் உட்காரவைத்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர், "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா…" என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பங்கில் புடவை ஊக்கைக் கழற்றி மூடியின் உட்பக்கமிருந்து குத்தினேன். ஓட்டையை அடைத்திருந்த சந்தனம் பொலபொலவென்று உதிர்ந்தது, வெளியே பொட்டு ஒரு ஊக்குத் துளையோடு அப்படியே நின்றது. பேசாமல் வீடு திரும்பியிருக்கவேண்டும். மனம் கேட்கவில்லை, கணவாய்க்கே ஓட்டிக்கொண்டு போனேன். அங்கேயும் நின்றுவிட்டால் தேவலை, கோளாறு வேறெதுவோ என்று இருந்துவிடலாம் என்று வேண்டிக்கொண்டுதான் போனேன். ஏறிவிட்டது, நைனா. நாம் நின்ற இடத்தை ஒரு திணறல்கூட இல்லாமல் தாண்டிப் போனது. மேலே ஓரமாக நிறுத்திவிட்டு வாய்விட்டு அழுதேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் கிட்டே வந்து, "ஏமாயிந்தி தல்லி?" என்றாள், என்ன ஆயிற்று என்று. கண் கெட்டபின் சூரிய நமஸ்காரம் என்பதை அவளுக்கு எந்த பாஷையில் சொல்வது?

வீட்டுக்கு வந்து காரை நிறுத்திய கொஞ்ச நேரத்தில் பக்கத்துத் தெருக்காரம்மாவிடம் அம்மா அதைக் காட்டிக்கொண்டிருந்தாள். துக்கம் கேட்க வந்தவர்களையெல்லாம் அவள் இப்படித்தான் காரின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போவாள். "அவரு வெச்ச பொட்டு, பாரு, இன்னும் அழியல. என் கையால அரைச்ச சந்தனம்." அந்த அம்மாள் போனபின் என்னிடம் கேட்டாள்: "வண்டிக்கு இன்னாதான் கோளாறாம், தெரிஞ்சுதா?"

"தெரியலம்மா."

"போவட்டும் வுடு. தலை வருசம் கழிஞ்சிடுச்சு. இந்த ஆயுத பூஜைக்கு நான் அரைச்சுத் தர்றேன், நீ வெய்யி. உங்க நைனா மாதிரியே, ஒண்ணு வுடாம."

சரி என்றேன். அவள் உயிரோடு இருக்கும்வரை, எத்தனை தடவை கேட்டாலும், தெரியவில்லை என்றுதான் சொல்லப்போகிறேன்.