சராசரி ஏழு நாள்

அன்புத் தங்கச்சிக்கு,

இன்று நூலகத்தில் நான் கைதட்டிவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசியாகப் பேசியபோது "வாரம் ஒரு தடவை கூப்பிடறேனே அண்ணா" என்றாய். "புளுகாதே" என்றேன். போனை வைத்துவிட்டாய். நீ சொன்னது பொய் என்று நிரூபிக்கத்தான் புள்ளியியல் புத்தகத்தை எடுத்தேன். முப்பது வருஷம் லேத் ஓட்டியவனுக்கு இதென்ன பெரிய வித்தை!

நீ கூப்பிட்ட நாட்களைச் சமையலறைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். கடைசி ஐந்து இடைவெளிகள் மூன்று, பன்னிரண்டு, ஐந்து, ஒன்பது, ஆறு. சராசரி ஏழு. நாலு தடவை வகுத்தும் ஏழுதான். சரி, நீ சொன்னது உண்மை.

ஆனால் விடுவேனா? ஒவ்வொன்றும் ஏழிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்துக் கூட்டினேன். பூஜ்யம்! மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பிறகு, புத்தகமே தப்பு என்று நூலகரம்மாவிடம் சண்டைக்குப் போனேன்.

"ஐயா, கூடுதலும் குறைவும் ஒண்ணையொண்ணு தின்னுடும். எப்பக் கூட்டினாலும் பூஜ்யம்தான். வர்க்கப்படுத்திட்டுக் கூட்டுங்க" என்று சிரித்தார்.

அப்படியே செய்து, ஐந்தால் வகுத்து, வர்க்கமூலமும் எடுத்தேன். இந்த விலகலுக்குத் திட்டவிலக்கம் என்று பெயராம், மூன்று நாளுக்கு மேல்! அப்போதுதான் கைதட்டினேன். வாரம் ஒரு தடவைதான் கூப்பிடுகிறாய், ஆனால் ஓர் ஒழுங்கு கிடையாது. ஆக, நானும் ஜெயித்தேன்.

சண்டை போட்டு இன்றோடு இருபத்தாறு நாள். அதை ஆறாவது இடைவெளியாகச் சேர்க்கப் போனேன். நூலகரம்மா தடுத்துவிட்டார். "அவங்க கூப்பிட்டாத்தான் இடைவெளி முடியும். அதுவரைக்கும் அது எண்ணே இல்ல."

மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். நான் கூப்பிட்டால் கணக்கு கெட்டுவிடும். நீ கூப்பிடு. எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் எழுதிக்கொள்கிறேன்.

உன் அண்ணன்